கிரீஸ் பூசிய புதையல்: மிங்கலடோன் விமானக் கதையை வாசித்தல்

1

போரில் தொலைந்துபோன விமானங்கள் எங்கோ முழுசாகக் கிடக்கின்றன, ஆள் வந்து எடுக்கும்வரை காத்திருக்கின்றன என்கிற கதை உலகத்தின் பல மூலைகளில் புழங்குகிறது. கிரீன்லாந்தில் பனிக்கு அடியில், லிபியாவில் மணலுக்கு மேல், நியூகினியில் சதுப்புக்கு நடுவில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கைவிட்ட சுரங்கத்துக்குள் என்று இடம் மாறுமே தவிர கதை மாறுவதில்லை. இவற்றில் சில மெய்யாகவே கிடைத்தன. பல கிடைக்கவில்லை. கிடைத்ததா இல்லையா என்பது தோண்டுகிறவர்களின் கவலை. கதையைப் படிக்கிறவனுடைய கவலை வேறு. நான் தமிழ் முதுகலை படித்தவன். விமான எஞ்சினுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஒரு கதை எதைக் கையில் வைத்துக்கொள்கிறது, எதைக் கீழே போட்டுவிட்டு நடக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அந்த வேலைக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். பர்மாவில், ரங்கூனை அடுத்த மிங்கலடோன் விமானத்தளத்தில், 1945இல் பிரிட்டிஷ் விமானப்படை புத்தம்புதிய ஸ்பிட்ஃபயர் போர்விமானங்களைப் பெட்டியோடு புதைத்துவிட்டுப் போனது என்ற கதை. இது 2012, 2013ஆம் ஆண்டுகளில் உலகச் செய்தியாக ஓடியது. பிறகு அடங்கியது. அடங்கியதாலேயே இப்போது நிதானமாக வாசிக்கலாம்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைந்த விமானத்தின் கதை போரை நினைவில் வைத்துக்கொள்கிறது, செத்தவர்களை மட்டும் விட்டுவிட்டு. மனிதர்களுக்கு வந்த கதியிலிருந்து எந்திரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதே இந்தக் கதையின் வேலை. மற்ற நாட்டுக்காரர்கள் இதைப் பொழுதுபோக்காகப் படித்துவிட்டுப் போகலாம். பர்மாவின் மண்ணில் இந்தக் கதை நிற்கும்போது தமிழ் வாசகன் அப்படிப் போக முடியாது.

2

முதலில் கதை. 1945 மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை ரங்கூனைத் திரும்பப் பிடித்தது. அந்த ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. அதற்குள் அனுப்பிவைத்த ஸ்பிட்ஃபயர் விமானங்களை என்ன செய்வது? திருப்பி அனுப்பச் செலவு. விட்டுவிட்டுப் போனால் யார் கையில் சிக்குமோ என்ற பயம். அதனால் இறக்கை கழற்றி, கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, மரப்பெட்டிக்குள் வந்தவை வந்தபடியே ஆழக் குழிதோண்டி இறக்கி மூடிவிட்டார்கள். கிரிஃபன் எஞ்சின் பொருத்திய 14ஆம் வகை விமானங்கள். ஒரு மணிநேரம்கூட வானத்தில் பறக்காதவை.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்த டேவிட் கண்டால் என்ற விவசாயி 1990களின் நடுவில் இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பர்மாவுக்குப் பலமுறை போனார். கைக்காசைச் செலவழித்தார். சாட்சிகளைத் தேடினார். இராணுவ ஆட்சி நடந்த அந்த நாட்டுக்கு 2012 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் போனபோது அதிபர் தெய்ன் செய்னிடம் இந்த விமானங்களைப் பற்றியும் பேசினார். அக்டோபரில் ஒப்பந்தம் ஆயிற்று. கிடைப்பதில் பாதி மியன்மார் அரசுக்கு என்று பேச்சு. தோண்டுவதற்கான பணத்தை, டாங்கிச் சண்டைக் கணினி விளையாட்டுகளால் பேர்பெற்ற வார்கேமிங் என்ற கம்பெனி போட்டது. தொல்லியல் ஆய்வாளர்களும் புவி இயற்பியல் அறிந்தவர்களும் கூடப் போனார்கள்.

2013 ஜனவரியில் வடக்கே மிட்சினாவில் ஒரு பெட்டி தட்டுப்பட்டதாகச் செய்தி வந்தது. காமிராவை உள்ளே இறக்கினால் சேற்றுத் தண்ணீர். மிங்கலடோனில் கருவிகள் காட்டிய இடங்களில் குழாய்களும் மின்கம்பிகளும். பிப்ரவரியில் வார்கேமிங் குழு கையை விரித்தது. 1945, 1946இல் ஸ்பிட்ஃபயர்கள் பெட்டியில் வந்து மிங்கலடோனில் புதைக்கப்படவில்லை என்று அறிவித்தது. மண்ணைவிடக் காகிதம் அதிகம் பேசிற்று: ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய விமானப்படைப் பிரிவின் பதிவேட்டின்படி அந்தக் காலத்தில் அங்கே வந்து இறங்கியவை மொத்தம் 37 விமானங்கள், அவற்றில் பெட்டியில் வந்த ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை, பெரும்பாலானவை 1946இலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. 37 என்ற இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

கண்டால் ஒப்புக்கொள்ளவில்லை. தோண்டிய இடம் தப்பு என்றார்.

3

இந்தக் கதையின் இலக்கணத்தைக் கவனிக்கலாம். மூன்று விதிகள் தெரிகின்றன.

முதல் விதி: பார்த்தது ஒன்று, சொன்னது இன்னொன்று. அந்தக் காலத்தில் மிங்கலடோனில் பணியாற்றிய ஒரு முன்னாள் படைவீரரின் சாட்சியம்தான் கதைக்குப் பெரிய தூண். பெரிய பெட்டிகளைக் குழிக்குள் இறக்குவதை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே இருப்பது ஸ்பிட்ஃபயர் என்பதை அவர் பார்க்கவில்லை. இன்னொருத்தர் சொல்லக் கேட்டார். கதை தொடங்கியதாகச் சொல்லப்படும் இடத்திலும் இதே அமைப்புதான்: விமானங்களைப் புதைத்தோம் என்று அமெரிக்கப் படையில் இருந்த சிலர் பேச்சுவாக்கில் சொன்னார்கள், அதைக் கேட்டவர் இன்னொருவரிடம் சொன்னார். கண் ஒரு ஆளுடையது, வாய் வேறொரு ஆளுடையது. நடுவில் மூடிய பெட்டி. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. போர் முடிந்த தளத்தில் எதையெதையோ புதைத்திருப்பார்கள். பெட்டியைப் பார்த்தது மெய்யாகவே இருக்கலாம். பெட்டி மூடியிருப்பதால்தான் அதற்குள் கதை நுழைய முடிகிறது.

இரண்டாவது விதி: எண்ணிக்கை வளரும். 2012 ஏப்ரலில் 20 விமானங்கள் என்றார்கள். அக்டோபருக்குள் அது பல இடங்களிலுமாகச் சேர்த்து 140 வரை போயிற்று. நடுவில் ஒரு பிடி மண்ணும் எடுக்கப்படவில்லை. பார்க்கப்படாத பொருள் மட்டுமே இப்படிக் குட்டி போடும்.

மூன்றாவது விதி: தோல்வி கதையைக் கொல்லாது. நம்ம ஊர்ப் புதையல் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோண்டினால் கரிதான் இருந்தது என்றால் புதையல் இல்லை என்று அர்த்தமில்லை. எடுக்கக்கூடாதவன் எடுத்ததால் பொன் கரியாகிவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் கொப்பரை உருண்டு வேற இடத்துக்குப் போயிருக்கும். மிட்சினாவின் சேற்றுத் தண்ணீரும் மிங்கலடோனின் மின்கம்பியும் இந்தக் கரிக்குச் சமானம். தரையைத் துளைத்துப் பார்க்கும் கருவி கையில் இருப்பதால் கதையின் இலக்கணம் மாறிவிடவில்லை. மை தடவிய வெற்றிலையின் இடத்தில் கணினித் திரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதோடு நின்றால் நான் கதையைக் கேலி செய்தவனாவேன். கதைக்கு ஒரு பலம் இருக்கிறது. சில விமானங்கள் மெய்யாகவே கிடைத்தன. 1942 ஜூலையில் ஆறு பி-38 போர்விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் வானிலை கெட்டுக் கிரீன்லாந்தின் பனிமேல் இறங்கின. ஆட்கள் எல்லாரும் மீட்கப்பட்டார்கள், விமானங்களை விட்டுவிட்டார்கள். 1988இல் கண்டுபிடித்தபோது அவற்றின் மேல் ஏறக்குறைய 80 மீட்டர் கனத்துக்குப் பனி மூடியிருந்தது. ஒரு பி-38ஐ 1992இல் கீழே துளைபோட்டு இறங்கித் துண்டுதுண்டாகக் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். 2002இல் அது மறுபடி பறந்தது. மிங்கலடோன் கதைக்காரர்களின் கையில் இருந்த பெரிய ஆதாரம் பர்மாவில் இல்லை, கிரீன்லாந்தில் இருந்தது. ஒரு இடத்தில் நடந்தது இன்னொரு இடத்தில் நடக்காதா என்ற நியாயம்.

இன்னொரு கண்டெடுப்பு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ‘லேடி பி குட்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் 1943 ஏப்ரலில் நேப்பிள்ஸ் நகரத்தைத் தாக்கப் போய், திரும்பும்போது இரவில் தளத்தைத் தாண்டி லிபியப் பாலைவனத்துக்குள் போய்விட்டது. எண்ணெய் தேடியவர்கள் அதை 1958இல் வானத்திலிருந்து பார்த்தார்கள். உள்ளே துப்பாக்கிகள் சுட்டன. வானொலி வேலை செய்தது. குடுவையில் இருந்த காபி கெட்டுப்போகவில்லை என்றார்கள். செய்தி படித்தவர்கள் மெய்ம்மறந்தது இந்தக் காபியில்தான். ஆனால் விமானத்தில் ஒருவரும் இல்லை. ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்திருந்தார்கள். உயிரோடு தரையிறங்கியவர்கள் கடல் பக்கத்தில்தான் இருக்கிறதென்று எண்ணி வடக்கே நடந்தார்கள். கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. 1960இல் எட்டு உடல்கள் கிடைத்தன, ஒன்று கிடைக்கவில்லை. எந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை; நடந்தவர்கள் செத்தார்கள். மிங்கலடோன் கதை இதை இன்னும் ஒரு படி சுத்தப்படுத்துகிறது. அதில் நடந்தவர்களே கிடையாது. ஓட்டியே இல்லாத விமானம், சுடாத துப்பாக்கி, யாரையும் கொல்லாத யுத்தம்.

4

ஏன் ஸ்பிட்ஃபயர்? ஏன் பர்மா? ஏன் 1945?

ஸ்பிட்ஃபயர் 20 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட விமானம். பிரிட்டிஷ் நினைவில் அது 1940ஆம் ஆண்டுக்கு உரியது. தனியாக நின்று தாய்நாட்டின் வானத்தைக் காத்தோம் என்கிற பெருமையின் குறி. அந்தப் பெருமையில் சாம்ராஜ்யம் பேசப்படுவதில்லை. பர்மாவோ சாம்ராஜ்யத்தின் வெட்கம்: 1942 மார்ச்சில் ரங்கூனை விட்டு ஓடியது, 1945இல் திரும்ப வந்தது, 1948 ஜனவரியில் ஒரேயடியாகக் கிளம்பியது. இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடுகிறது கதை. சாம்ராஜ்யம் கைநழுவப்போகிற நேரத்தில், நழுவப்போகிற மண்ணில், எல்லாவற்றிலும் சுத்தமான ஒரு பொருளைப் புதைத்தோம். அது இன்னும் கெடாமல் இருக்கிறது.

ஃபிராய்ட் 1917இல் வெளியிட்ட ‘துக்கமும் மெலங்கோலியாவும்’ என்ற கட்டுரை இங்கே உதவும். துக்கம் காக்கிறவன் இழந்ததை இழந்தது என்று ஒத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறான். மெலங்கோலியா பிடித்தவன் விடமாட்டான்; இழந்ததை உள்ளே வைத்துக்கொள்வான், எதை இழந்தோம் என்பதும் அவனுக்குத் தெளிவாகத் தெரியாது. கிரீஸ் பூசிய பெட்டி இந்த இரண்டாவது வகை. செத்ததைப் புதைப்பது ஈமச்சடங்கு. சாகாததைப் புதைப்பது சடங்கை மறுப்பது. பெட்டிக்குள் இருப்பது விமானம் என்று தேடுகிறவர்கள் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ ஒரு தேசம் துக்கம் காக்க மறுத்த ஒன்று அதற்குள் இருப்பதாகப் படுகிறது.

இதற்கு ஆதாரம் மெய்யான ஸ்பிட்ஃபயர்களே. போர் முடிந்ததும் அந்த விமானங்களில் பெரும்பாலானவை உடைசலாகப் போயின, உருக்கினார்கள், விற்றார்கள். சில பர்மாவுக்கு வரத்தான் செய்தன, ஆனால் வேறு வழியாக. சுதந்திர பர்மாவின் விமானப்படை 1950களின் முதல் பாதியில் ஸ்பிட்ஃபயரின் கடற்படை வடிவமான சீஃபயர் விமானங்கள் 20 வாங்கியது. பிறகு இஸ்ரேலிடமிருந்து 30 பழைய ஸ்பிட்ஃபயர்களை வாங்கியது. பிரிட்டனில் பிறந்து, செக்கோஸ்லோவாகியாவுக்கும் இத்தாலிக்கும் போய், இஸ்ரேலின் போரில் பறந்து, பர்மாவுக்கு வந்து சேர்ந்தவை. அங்கே உள்நாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் மேல் ஏவப்பட்டன. பிறகு துருப்பிடித்தன, சில காட்சிக்கு நிறுத்தப்பட்டன. பர்மா மண்ணில் ஸ்பிட்ஃபயரைப் பார்க்க ஒருவரும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் இவற்றைச் சுற்றி ஒரு கதையும் பிறக்கவில்லை. கை மாறிய விமானத்துக்கு வரலாறு இருக்கிறது. அதில் யார் யாரைச் சுட்டார்கள் என்ற கேள்வி இருக்கிறது. வரலாற்றிலிருந்து வரலாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, எப்போதும் அப்படியே இருந்ததுபோலக் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்று ரோலான் பார்த் விளக்கியிருக்கிறார். கிரீசும் மெழுகுத்தாளும் செய்வது இந்த வேலையைத்தான்.

5

இந்த இடத்தில் இன்னொரு காத்திருப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டின் தன்னா தீவில் ஜான் ஃப்ரம் என்பவரின் வருகைக்காக ஒரு இயக்கம் காத்திருக்கிறது. 1942இல் அமெரிக்கப் படை அந்தத் தீவுகளுக்கு வந்தது. விமானத்திலும் கப்பலிலும் உணவுப்பெட்டியும் மருந்தும் வண்டிகளும் கொட்டின. யுத்தம் முடிந்ததும் வந்தவர்கள் போய்விட்டார்கள். சரக்கு மறுபடி வரும் என்று ஆண்டுதோறும் பிப்ரவரி 15இல் மூங்கில் துப்பாக்கி ஏந்தி அணிவகுக்கிறார்கள். மெலனீசியத் தீவுகளின் இத்தகைய இயக்கங்களுக்கெல்லாம் மானிடவியல் ஒரு பெயர் வைத்தது: ‘சரக்கு வழிபாடு’. பகுத்தறிவு வளராதவர்களின் நம்பிக்கை என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். பீட்டர் வொர்ஸ்லி மாதிரி சிலர்தான் இதற்குள் காலனியத்துக்கு எதிரான அரசியலைப் பார்த்தார்கள்.

சரி, இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். யுத்தகால விமானம், பெட்டியில் சரக்கு, அது வரும் என்ற அசையாத நம்பிக்கை, வராவிட்டாலும் குலையாத நம்பிக்கை. ஒன்றுக்குப் பெயர் மூடநம்பிக்கை. இன்னொன்றுக்குப் பெயர் ஆர்வம், ஆய்வு, பாரம்பரியம். அதைப் பற்றிப் பேசப் பிரதமர் வருகிறார், பணம் போடக் கம்பெனி வருகிறது. தன்னாக்காரன் வானத்தைப் பார்க்கிறான், லிங்கன்ஷயர்க்காரர் தரையைப் பார்க்கிறார். வித்தியாசம் கழுத்து திரும்புகிற திசையில் இருக்கிறதே ஒழிய அறிவில் இல்லை. இன்னும் சொன்னால் தன்னாக்காரனிடம் நியாயம் அதிகம். தன் தீவில் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். தனக்கு ஏன் பங்கில்லை என்று கேட்கிறான்.

‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லையும் இங்கேயே விசாரித்துவிட வேண்டும். நியூகினியின் அகையாம்போ சதுப்பில் 1942 பிப்ரவரியில் இறங்கிய பி-17 விமானம் ஒன்று 1972இல் ‘கண்டுபிடிக்கப்பட்டது’. ‘சதுப்புப் பேய்’ என்று பேர் வைத்தார்கள். 2006இல் தூக்கினார்கள். அப்போது அது யாருடையது என்ற தகராறு எழுந்தது; நிலத்துக்காரர்கள் கேட்டார்கள், பாப்புவா நியூகினி நாடாளுமன்றத்தில் பேசினார்கள், விமானம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. 2010இல்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. விமானம் காத்திருந்தது என்கிறபோது யாருக்காகக் காத்திருந்தது என்று கதை முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. அது கிடந்த நிலம் வெறும் பெட்டி ஆகிவிடுகிறது. நிலத்தில் இருந்தவர்கள் பெட்டியைக் காத்த பூதங்கள்.

6

இனி மிங்கலடோனுக்கே திரும்புவோம். ஆனால் விமானத்துக்குள்ளிருந்து பார்ப்பதை விட்டுக் கீழேயிருந்து பார்ப்போம்.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் வங்காளிகளும் ஒடியர்களும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நகரத்தின் மலத்தை அள்ளியவர்கள், செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கெழுதியவர்கள். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. மிங்கலடோனிலிருந்து பிரிட்டிஷ், அமெரிக்க விமானிகள் எழும்பிச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் ஏராளம். பதுங்கப் பழக்கப்படாத ஊர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். துறைமுகக் கூலிகள் அதிகம். அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விமானம் இதுதான்.

பிறகு நடை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். காலரா, பசி, மழை. வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. இந்த நடைக்குத் தமிழில் ஒரு நேரடிச் சாட்சியம் இருக்கிறது. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. நடந்தவர்களில் எழுதத் தெரிந்தவர் அவர். கூட நடந்த கூலிகளில் எழுதியவர் யார்? எழுத்து என்பதே ஒரு வகுப்புக்கான இருக்கையாக இருந்தது, கப்பலின் மேல்தட்டு மாதிரி.

அதே ஆண்டில் சயாம்–பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. யுத்தக் கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பகுதி தமிழர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசையாக, பெயர் வெட்டி. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் அதே பாதையில் செத்தவர்கள். ரப்பர் மரத்தடியிலிருந்து லாரியில் ஏற்றிப்போன தமிழனுக்கு அந்த மாதிரி வரிசை கிடையாது, கல் கிடையாது, பெயர் கிடையாது. மண்ணுக்குள் பெட்டியில்லாமல் போனவர்கள் இவர்கள். இவர்களைத் தேடி ஒருவரும் தரையை ஊடுருவும் கருவியை எடுத்துக்கொண்டு பதினேழு வருஷம் அலையவில்லை.

நமக்கும் ஒரு காத்திருப்புக் கதை இருந்தது என்று நினைவூட்டுவார்கள். இருந்தது. 1945 ஆகஸ்ட் 18இல் தைகோகுவில் விழுந்த ஜப்பானிய விமானமும் அதில் போன நேதாஜியும். முத்துராமலிங்கத் தேவர் 1950களில் நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று சொன்னதும் தமிழ்நாடு கேட்டதும் தெரிந்த விஷயம். 1956இல் ஷாநவாஸ் குழுவும் 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்தில் இறந்தார் என்றன. 2005இல் முகர்ஜி ஆணையம் இல்லை என்றது. அரசு அதை ஏற்கவில்லை. இந்தக் கதையை மிங்கலடோன் கதையின் கண்ணாடி பிம்பமாக வாசிக்கலாம். அங்கே மனிதன் இல்லாமல் விமானம் பிழைக்கிறது. இங்கே விமானமே விழாமல் மனிதன் பிழைக்கிறான். சாம்ராஜ்யத்தை இழந்தவன் ஆயுதத்தைப் பத்திரப்படுத்துகிறான், சாம்ராஜ்யத்தை எதிர்த்தவன் தலைவனைப் பத்திரப்படுத்துகிறான். இரண்டாவதன்மீது எனக்குப் பரிவு அதிகம். தலைவனுக்காகக் காத்திருந்தது குறைந்தபட்சம் ஒரு மனிதனுக்கான காத்திருப்பு. ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய தேசிய இராணுவத்துக்கு ஆள் கொடுத்ததும் சயாம் ரயில்பாதைக்கு ஆள் கொடுத்ததும் அதே மலாயாத் தோட்டங்கள். ஒரே லயத்து வரிசையிலிருந்து ஒருத்தன் துப்பாக்கி தூக்கப் போனான், இன்னொருத்தன் தண்டவாளம் தூக்கப் போனான். தலைவன் திரும்பி வருவான் என்று மேடை போட்டுப் பேசினோம். தண்டவாளம் தூக்கப் போனவன் வருவானா என்று அவன் வீட்டுக்காரி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி கேட்டால் அது அழுகை. ஊர் கேட்டால்தான் அது கதை.

7

இந்தக் கணக்கில் நம் விமர்சனத்துக்கும் பங்கு உண்டு. யுத்தகாலத் தென்கிழக்காசியா என்றதும் நாம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்ள வேண்டிய நாவல்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை நாம் வாசித்த விதத்தில் பாண்டியனின் சாகசமும் தத்துவமும் பெரிதாகிப் போயின. யுத்தம் ஒரு தனிமனிதனின் அலைதலுக்கான மேடையாகிவிட்டது. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். அலைகிறவனின் கதையாக இல்லாமல் கொண்டுபோகப்பட்டவர்களின் கதையாக இந்த நாவல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு விமர்சனம் இவற்றின் பக்கம் போதுமான அளவு திரும்பவில்லை. கலைத்தரம் பேசி நகர்ந்துவிட்டோம். தரம் பேசலாம், தப்பில்லை. ஆனால் கல்லே வைக்காத இடத்தில் எழுதிய பக்கம் கல்லுக்குப் பதிலாகவும் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கிரீஸ் பூசிக் கெடாமல் கிடக்கும் பனுவலை மட்டுமே தேடுகிற விமர்சனத்துக்கும் லிங்கன்ஷயர் விவசாயிக்கும் அதிக தூரமில்லை.

விமானம் தேடுகிறவர்களைத் தேடாதே என்று நான் சொல்லவில்லை. கிரீன்லாந்துப் பனியிலிருந்து ஒரு எந்திரம் மேலே வந்து பறந்தால் எனக்கும் ஆச்சரியம்தான். நான் கேட்பது, எதைத் தேடலாம் என்ற நம் கற்பனைக்கு யார் எல்லை போட்டது என்பதை.

37 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 1945, 1946இல் ரங்கூன் துறைமுகத்தில் வந்து இறங்கிய விமானங்கள் 37. முப்பத்தாறில்லை, முப்பத்தெட்டில்லை. எழுபது வருஷம் கழித்து ஒரு வதந்தியைப் பொய்யென்று காட்ட அந்தப் பதிவேடு உதவுகிற அளவுக்கு யாரோ ஒரு குமாஸ்தா ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார். அதே பர்மாவிலிருந்து 1942இல் நடந்தவர்களில் வழியில் செத்தவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்றும் சொல்கிறார்கள், ஐம்பதாயிரம் என்றும் சொல்கிறார்கள். இடையில் நாற்பதாயிரம் பேர். அவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே ஒரு மதிப்பீட்டின் வித்தியாசமாக இருக்கிறது.